எட்டாம் அத்தியாயத்தைக் காணவில்லை

தமிழில் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் பிழையில்லாமல் அடித்துக் கொடுங்கள், ஒருவரும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல மாட்டார்கள். நடுவில் ஒரே ஒரு ஆங்கில வரி, அதுவும் தடித்த எழுத்தில், ‘எரர், ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்’ என்று வந்து உட்கார்ந்துவிட்டால் போதும். ஏதோ நானே ஆசைப்பட்டு அதை அடித்து வைத்தது போல வாடிக்கையாளர் என்னைப் பார்ப்பார். காளவாசல் சிக்னலுக்குப் பக்கத்தில், ஒரு பேட்டரிக் கடைக்கு மேல் மாடியில், பல வருடமாக இந்தப் பார்வையை வாங்கிக்கொண்டுதான் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் அடித்து, அச்சுக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் சின்னதுதான். ‘பகுதி 5 பார்க்க’, ‘படம் 12 பார்க்க’ என்று புத்தகங்களில் வருமில்லையா, அந்த எண்களைக் கையால் அடிக்கக் கூடாது. கம்ப்யூட்டருக்கு அந்தத் தலைப்பைக் காட்டி, அதன் எண் என்னவோ அதை இங்கே போட்டுக்கொள் என்று சொல்லிவிட வேண்டும். நடுவில் ஒரு பகுதி கூடினாலும் குறைந்தாலும் எண்கள் தாமாகவே மாறிக்கொள்ளும். ஆனால் காட்டிய தலைப்பையே யாராவது அழித்துவிட்டால், கம்ப்யூட்டர் தேடிப் பார்த்துவிட்டு, நீ காட்டியதைக் காணோம் என்று கையை விரித்துவிடும். அந்தக் கைவிரிப்புதான் அந்த ஆங்கில வரி. இதில் ஒரு அழகு உண்டு. திரையில் பார்க்கும்போது பழைய எண் ஒன்றும் தெரியாதது போல நின்றுகொண்டிருக்கும். அச்சுக்குக் கொடுக்கும் நேரத்தில்தான் தன் சுயரூபத்தைக் காட்டும்.

பசுமலைப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இதில் தேர்ந்தவர்கள். ஒருவருடைய ஆய்வேட்டில் பக்கத்துக்குப் பக்கம் இந்த வரி. வழிகாட்டிப் பேராசிரியர் முழுதும் படித்துத் திருப்தியடைந்து கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த வரி ஆய்வின் முடிவுகளில் ஒன்று என்று நினைத்துவிட்டாரோ என்னவோ. இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு இனி ஆச்சரியப்பட ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன். வைக்கோல் மெஷின் முதலாளி வந்து அந்த நினைப்பைத் திருத்தினார்.

அவர் ஊருக்கு வெளியே பட்டறை வைத்து, வைக்கோல் கட்டும் மெஷின் செய்கிறவர். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போனால், அறுத்த வயலில் கிடக்கும் வைக்கோலை முன்பக்கப் பற்களால் அள்ளி, உள்ளே சுருட்டி, கயிறு சுற்றி, கட்டாக வெளியே தள்ளும். அந்த மெஷினோடு கொடுப்பதற்கு ஒரு கையேடு வேண்டும் என்று வந்தார். எழுதியவர் அவருடைய பட்டறை எஞ்சினியர். அதிசயமாக, அவர் ஒழுங்கானவர். தலைப்புகளை முறையாகப் போட்டு, ‘பார்க்க’ என்று வருகிற இடத்திலெல்லாம் இணைப்பு கொடுத்திருந்தார். கோப்பைத் திறந்தவுடன் எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அந்தக் கையேட்டின் எட்டாம் அத்தியாயம், ‘வைக்கோல் சிக்கினால்’. டிராக்டரை அணைக்கவும். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடவும். உள்ளே சுற்றுவது முழுதாக நிற்கும்வரை காத்திருக்கவும். அதன் பிறகே மெஷினுக்கு அருகில் போகவும். இம்புட்டுத்தான். மற்ற எல்லா அத்தியாயங்களும் ஆபத்தான இடம் வரும்போதெல்லாம் ‘பகுதி 8 பார்க்க’ என்று இதைத்தான் கைகாட்டின.

எனக்கு இந்த அத்தியாயத்தின் மேல் சொந்த அக்கறை உண்டு. என் தம்பி மேலூர்ப் பக்கம் இதே மெஷினைத்தான் ஓட்டுகிறான். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கதிர் அறுத்துக் கூலி வாங்கியவர்கள். இன்றைக்கு அதே வயல்களுக்குத் தம்பி டிராக்டரில் போய் இறங்குகிறான். வயல்காரர்கள் முன்கூட்டியே போன் போட்டு, அண்ணே எப்ப வருவீக என்று கேட்டுக் காத்திருக்கிறார்கள். எனக்கு அதில் பெருமை இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. வைக்கோல் சிக்கினால் டிராக்டரை அணைக்க மாட்டான். ஓடுகிற மெஷினுக்கு முன்னால் போய் நின்று, வைக்கோலைக் காலால் உதைத்து உள்ளே தள்ளுவான். ஒருமுறை வரப்பில் நின்று அதைப் பார்த்தேன். வரப்பிலிருந்தே கத்திச் சண்டை போட்டேன்.

கையேட்டு வேலை வந்த வாரம் ஊருக்குப் போயிருந்தபோது மறுபடி சண்டை போட்டேன்.

“அணைச்சு அணைச்சுப் போட்டா எப்பக்கா வேலை முடிய? அங்குட்டு அடுத்த வயக்காரன் கத்திக்கிட்டுக் கெடப்பான்.”

“கால் போயிரும்டா.”

“நீ டைப் அடிக்கிறவ. மெஷினப் பத்தி ஒனக்கு என்னா தெரியும்? கம்பெனிக்காரன் புக்குல போட்டிருக்கானா, காட்டு. கேக்குறேன்.”

காட்டுகிறேன் என்றேன். கம்பெனிக்காரன் புத்தகமே என் மேஜையில்தான் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அச்சாகட்டும், கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டலாம் என்று இருந்துவிட்டேன். அன்றைக்கு அவன் காலில் புதுச் செருப்பு இருந்தது. பழைய ஜோடியில் ஒன்றை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். அம்மாவுக்கு அதுதான் பெரிய குறை. “பச்சைக் கயித்துல வாரைக் கட்டிக் குடுத்திருந்தேன், இன்னும் ஒரு வருசம் ஓடுமே அது” என்று நாயைத் திட்டித் தீர்த்து, அதற்கு ராத்திரிச் சோற்றையும் நிறுத்திவிட்டாள். நாய் தன் தரப்பைச் சொல்ல வழியில்லாமல் வாசலில் படுத்திருந்தது.

முதலாளி முதல் பிரதியைப் பார்க்க எஞ்சினியரோடு மாடிக்கு வந்தார். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனவர் ஒரு இடத்தில் நின்றார்.

“ஏம்மா, என்னாது இது எட்டு?”

“எட்டாவது அத்தியாயம்ண்ணே.”

“அது தெரியுது. எதுக்கு எட்டு?”

“ஏழுக்கு அடுத்து அதுதான்ணே வரும்.”

“சனியோட நம்பரும்மா அது. என் வண்டி நம்பர், போன் நம்பர், வீட்டுக் கதவு நம்பர், எதைக் கூட்டுனாலும் எட்டு வராது. வந்தா வாங்கவே மாட்டேன். நீங்க அதைக் கொண்டுபோய் என் மெஷினுக்குள்ள ஒக்கார வைக்கிறீகளே.”

எஞ்சினியரைப் பார்த்தேன். அவர் கீழே சாலையில் போகும் பஸ்களை மிகுந்த ஈடுபாட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார். சரி, ஏழுக்கு அடுத்து ஒன்பது என்று போட்டுவிடலாமே என்றேன். கம்ப்யூட்டரில் அது ஒரு நிமிட வேலை. முதலாளிக்கு அதுவும் சரிப்படவில்லை. நடுவில் பக்கம் கிழிந்துபோன புத்தகத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மெஷின் வாங்குகிறவன் நினைப்பானாம். நியாயமான மனிதர், எல்லாப் பக்கமும் யோசிப்பவர். “நான் பாத்துக்கிறேன், ஃபைலைக் குடுங்க” என்று வாங்கிக்கொண்டு போனார். முதலாளிகள் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொன்னால் அந்த வேலை இரண்டு மடங்காகி என்னிடமே திரும்பி வரும். அன்றும் அதுதான் நடந்தது.

பார்த்துக்கொண்ட விதத்தை எஞ்சினியர் பின்னால் போனில் சொன்னார். முதலாளி தானே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, எட்டாம் அத்தியாயத்தின் தலைப்பை அழித்திருக்கிறார். எண்கள் தாமாக மாறுகிறவை அல்லவா, அழித்த மறுகணம் ஒன்பதாவதாக இருந்த ‘உதிரி பாகங்கள்’ மேலே ஏறி எட்டாகிவிட்டது. அதையும் அழித்தார். பத்தாவதாக இருந்த ‘வாரன்டி’ எட்டாகி வந்து நின்றது. சனி விடாமல் துரத்துகிறான் என்று முதலாளிக்கு வியர்த்துவிட்டதாம். வாரன்டியையும் அழித்தார். அதற்குமேல் புத்தகத்தில் தலைப்பு இல்லாததால் சனி தோற்றுப் போனான். தலைப்புகளைத்தான் அழித்தார், அவற்றுக்குக் கீழே இருந்த விஷயங்களில் கை வைக்கவில்லை. பெரிய மனசு. அவை மூன்றும் ஏழாம் அத்தியாயத்தின் வாலில், இன்னது என்று சொல்ல ஒரு பெயர் இல்லாமல் வரிசையாகக் கிடந்தன.

கோப்பு என்னிடம் திரும்பி வந்தது. திரையில் எல்லாம் சாதுவாக இருந்தது. அச்சுக்குக் கொடுத்தேன். வெளியே வந்த தாளில் இப்படி இருந்தது: ‘மெஷினுக்கு அருகில் கையையோ காலையோ கொண்டுபோகும் முன் எரர், ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட் பார்க்க.’ அடுத்த பக்கம்: ‘பற்களில் வைக்கோல் சிக்கினால் எரர், ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட் பார்க்க.’ உயிர் போகிற இடமாகப் பார்த்துப் பார்த்து அந்த வரி உட்கார்ந்திருந்தது. எண்ணெய் எங்கே ஊற்ற வேண்டும் என்பது மட்டும் துல்லியமாக இருந்தது.

மறுநாள் முதலாளி எஞ்சினியரோடு வந்து தாள்களைப் பார்த்துவிட்டு, நான் எதிர்பார்த்த அதே பார்வையை என்மேல் செலுத்தினார்.

“என்னம்மா, இங்கிலீஷ்ல என்னமோ அடிச்சு வச்சிருக்கீக?”

“நான் அடிக்கலண்ணே. நீங்க தலைப்பை அழிச்சீங்கள்ல, அதைத் தேடிட்டு கம்ப்யூட்டர் சொல்ற பதில் இது.”

“அம்புட்டுத்தான? அதை எடுத்துட்டு எல்லா எடத்துலயும் ‘ஏழு பார்க்க’ன்னு போட்டுருங்க. விசயம் ஏழுக்குக் கீழதான கெடக்கு. ஏழு ரொம்ப நல்ல நம்பர்.”

எஞ்சினியர் பஸ்களைப் பார்த்தபடியே தலையாட்டினார். நான் ஏழாம் அத்தியாயத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தேன். அது அறுவடை முடிந்த பின் மெஷினைப் பாதுகாப்பது பற்றியது. ‘மெஷினை நன்றாகக் கழுவித் துடைக்கவும். நிழலில் நிறுத்தவும். தார்ப்பாய் போட்டு மூடவும்.’

“அண்ணே, நடு வயல்ல வைக்கோல் சிக்கிருச்சு. டிரைவர் புக்கைத் திறந்து ஏழைப் பாக்குறாரு. கழுவித் துடைச்சு, நெழல்ல நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடிட்டு வீட்டுக்குப் போயிருவாரு. பரவாயில்லையா?”

“கீழ வாசிச்சா வந்துரும்லம்மா.”

“எத்தனை பக்கம் கீழண்ணே? அதுக்குள்ள கை உள்ள போயிரும்.”

இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. கீழே பேட்டரிக் கடையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு உண்மையிலேயே கோபம். தலைப்பில்லாமல், எண்ணில்லாமல், தார்ப்பாய்க்குக் கீழே புதைந்து கிடக்கும் அந்த நாலு வரியைத் தம்பிக்கு எப்படிக் காட்டுவேன்? எங்க போட்டிருக்குக்கா என்று சிரிப்பான், அடுத்த வயலுக்குப் போய்விடுவான். முதலாளியோடு எட்டுக்காகச் சண்டை போட்டால் எட்டு ஜெயிக்காது என்பதும் எனக்குப் புரிந்தது. அவர் கோவிலுக்குப் போகிறவர், நான் பக்கம் கட்டுகிறவள். அவர் பேசும் பாஷையிலேயே பேசிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

“ஒன்னு எப்படிண்ணே?”

“எந்த ஒன்னு?”

“நம்பர் ஒன்னு.”

“சூரியன்ல? அதை மிஞ்ச எது இருக்கு?”

“அப்ப இந்த அத்தியாயத்தை ஒன்னாவதாத் தூக்கி வச்சுருவோம். புக்கைத் திறந்ததும் சூரியன்.”

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எஞ்சினியர் பஸ்களை விட்டுவிட்டு முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். கையேடுகளில் முதல் அத்தியாயம் என்பது ‘எங்கள் நிறுவனத்தைப் பற்றி’ என்று முதலாளியின் போட்டோவோடு வருவதுதான் வழக்கம். சூரியனுக்காகத் தன் போட்டோவை இரண்டாம் இடத்துக்குத் தள்ள அவர் சம்மதித்தார். அதைத் தியாகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் இது முன்னால் வந்தால் பழைய ஏழு பின்னால் போய் எட்டாகிவிடும். அதனால் தனி அத்தியாயமாக இருந்த கிரீஸ் போடுவதையும் தார்ப்பாய் போடுவதையும் ஒரே அத்தியாயமாகச் சேர்த்துக் கட்டினேன். உதிரி பாகங்களை எண் இல்லாமல் கடைசியில் இணைப்பாக வைத்தேன். வாரன்டிக்கும் ஒரு இடம் வேண்டுமே என்று கேட்டதற்கு, அதைப் பின்னட்டையில் பொடி எழுத்தில் போட்டால் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதில் அவர் சனியைக் காரணம் காட்டவில்லை.

கிளம்பியவர் வாசலில் நின்று திரும்பினார். பக்க எண் எட்டு வருமே என்றார். பதினேழிலும் இருபத்தாறிலும் உள்ள எண்களைக் கூட்டினால் எட்டு என்பதும் அவருக்கு அப்போது ஞாபகம் வந்து தொலைத்தது.

“அதைக் கம்ப்யூட்டர்தான் போடுதுண்ணே, நம்ம கையால போடல. தோசம் அதுக்குத்தான போகும்?”

அவர் என் கம்ப்யூட்டரை இரக்கத்தோடு பார்த்தார். அதன் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. அது தாங்கிக்கொள்ளும் என்று நம்பிக்கை வந்திருக்க வேண்டும், இறங்கிப் போய்விட்டார்.

பிறகு நடந்ததில் வீரம் ஒன்றுமில்லை. அழிந்த தலைப்புகளைத் திரும்ப அடித்தேன். கைவிரித்த ஒவ்வொரு இடத்துக்கும் போய், அந்த வரியை எடுத்துவிட்டு, புதுத் தலைப்பைக் காட்டிக் கொடுத்தேன். எல்லாம் முடிந்து அச்சடித்து, கையில் ஸ்கேலை வைத்து வரிவரியாகப் படித்தபோது, ஒரு படத்துக்குள் ‘பகுதி 8 பார்க்க’ என்று இருந்தது. படத்தின் மேல் எஞ்சினியர் கையால் அடித்தது. கம்ப்யூட்டர் தேடினாலும் அகப்படாது, கண்ணால்தான் கண்டுபிடிக்க முடியும். ஒழுங்கான மனிதரும் ஒரு இடத்தில் காலை வாரிவிடத்தான் செய்கிறார். அதையும் திருத்தினேன். இப்போது எந்தப் பக்கத்தில் எந்த ஆபத்து வந்தாலும், புத்தகம் ‘பகுதி 1 பார்க்க’ என்று முன்னால் கை காட்டியது.

புத்தகம் அச்சாகி வந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். கம்பெனிப் புத்தகம் என்று நீட்டினேன். இடது கையால் வாங்கி, அட்டையைப் பார்த்தான்.

“மெஷின் போட்டோ நல்லா எடுத்திருக்கான்க்கா.”

“உள்ள பாருடா.”

“சாப்ட்டுப் பாக்குறேன்.”

பக்கத்தில் வைத்துவிட்டு ரசத்துக்குத் தட்டை நீட்டினான். சாப்பிட்டால் தூக்கம் வரும், எழுந்தால் போன் வரும், போன் வந்தால் வயல். எனக்குத் தெரியாதா? முதலாளியையும் சனியையும் சமாளித்துக் கொண்டுவந்து சேர்த்த அத்தியாயம், இவனுடைய ரசத்தைத் தாண்ட முடியாமல் தரையில் கிடந்தது. அங்கே நின்றால் ஏதாவது பேசிவிடுவேன் என்று கொல்லைப்பக்கம் போனேன்.

மாடு வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றது. தம்பி வேலை முடித்து வரும்போது கொண்டுவந்து போட்ட வைக்கோல் கட்டுகள் கொட்டகையில் கிடந்தன. ஒன்றை உருட்டி, அரிவாளால் கயிற்றை அறுத்து, உரித்து உரித்துப் போட்டேன். பாதிக் கட்டுக்கு மேல் போனபோது கையில் கெட்டியாக ஏதோ தட்டியது. டயர்த் துண்டு என்று நினைத்து இழுத்தேன். செருப்பு. வலது கால் செருப்பு. முன்பக்கம் முறுக்கிச் சுருண்டு, ஓரமெல்லாம் நார்நாராகக் கிழிந்து, வார் அறுந்து தொங்கியது. அந்த வாரில் பச்சைக் கயிறு கட்டியிருந்தது.

நாய் கொட்டகை ஓரத்தில் படுத்து என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. செருப்பை வைக்கோலுக்குள் வைத்து, சுருட்டி, கயிறு சுற்றிக் கட்டும் நாய் எங்கள் வீட்டில்தான் வளர்கிறது போலிருக்கிறது. கொஞ்ச நேரம் இப்படித்தான் கிண்டலாக நினைத்துப் பார்த்தேன். அதற்குமேல் முடியவில்லை. அந்தச் செருப்புக்குள் அவன் கால் இருந்த நேரமும், கால் வெளியே வந்த நேரமும் மனதில் ஓடின. இரண்டுக்கும் நடுவில் எம்புட்டு இருந்திருக்கும்? பிரித்த வைக்கோல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

உள்ளே போய் அதை அவன் தட்டுக்குப் பக்கத்தில், புத்தகத்தின் மேல் வைத்தேன்.

“ஏன்டி, சாப்பிடுற எடத்துல செருப்பைக் கொண்டாந்து…” என்று ஆரம்பித்த அம்மா, பச்சைக் கயிற்றைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள், என் தலையிலும் சேலையிலும் ஒட்டியிருந்த வைக்கோலைப் பார்த்தாள்.

தம்பி யார் முகத்தையும் பார்க்கவில்லை. சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது. பிறகு இடது கையால் செருப்பை மெதுவாகத் தள்ளிவிட்டு, புத்தகத்தை இழுத்தான்.

“எங்க போட்டிருக்குக்கா?”

“மொதப் பக்கத்துல.”

திறந்தான். உதடுகள் அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்தான். அந்த நாலு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. மறுபடியும் முதலிலிருந்து படித்தான் போல.

“சாவியப் பையில போடணுமாக்கா?”

“ஆமா.”

“வயலுக்குப் போட்டுப் போற சட்டைல பை கெடையாதே” என்றான்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். பானையிலிருந்து ஒரு கை சோற்றை அள்ளிக் கொல்லையில் நாய்க்குப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கொடியில் கிடந்த அவன் வேலைச் சட்டையை எடுத்து உதறி, நெஞ்சுப் பக்கம் விரல் வைத்து அளவு பார்த்தாள். பிறகு ஊசி தேடப் போனாள்.